தறுகண்மையும் எள்ளலும்: பாலி ஸ்டைரீனின் இசைக்கலை குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

1970களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் எழுந்த பங்க் ராக் இசை இயக்கத்தைப் பற்றி எழுதப்பட்ட வரலாறுகள் பல. அவற்றுள் பெரும்பாலானவை செக்ஸ் பிஸ்டல்ஸ், தி கிளாஷ் ஆகிய இரு குழுக்களை மையமாகக் கொண்டு, இளைஞர்களின் சினத்தையே அவ்வியக்கத்தின் உயிர்நாடியாகக் காட்டுகின்றன. பாலி ஸ்டைரீன் என்னும் பெண் கலைஞர்க்கு அவற்றில் கிடைக்கும் இடம் மிகச் சிறிது. 'முதல்வர்களுள் ஒருவர்', 'கலப்பினப் பெண்', 'பற்கம்பி அணிந்த பாடகி' என்னும் அடையாளங்களோடு அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அவர் என்ன எழுதினார், எவ்வாறு பாடினார், அவருடைய பாடல்களின் உள்ளீடு யாது என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதே குறைவு.

அவர் தலைமையேற்ற எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் குழு 1976 முதல் 1979 வரை இயங்கியது. அக்காலத்தில் வெளிவந்தவை ஐந்து தனி இசைத்தட்டுகளும் ஒரே ஓர் இசைத்தொகுப்புமே. அளவாற் சிறிய இப்படைப்புலகம் தரத்தாற் பெரியது என்பதும், அதன் ஆற்றல் சினத்தில் அன்று, எள்ளலில் அடங்கியுள்ளது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்கள். எள்ளல் என்னும் சொல் இங்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் பொருளிலேயே ஆளப்படுகிறது. அயல்நாட்டுக் கலைஞர் ஒருவரைத் தமிழ்த் திறனாய்வுக் கலைச்சொற்களால் அளந்து பார்க்கும்போது, பிறமொழித் திறனாய்வு காணத் தவறிய சில கூறுகள் புலப்படுகின்றன.

1. பிறப்பும் சூழலும்

பாலி ஸ்டைரீனின் இயற்பெயர் மரியான் ஜோன் எலியட்-சயீத். 1957 சூலை 3ஆம் நாள் கென்ட் மாவட்டத்தைச் சேர்ந்த பிராம்லியில் பிறந்தார். தாயார் ஸ்காட்லாந்து-அயர்லாந்து வழியினர். சட்ட அலுவலகச் செயலராகப் பணியாற்றியவர். தந்தையார் சோமாலியர். தாயாரின் பொறுப்பிலேயே தென்லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் அவர் வளர்ந்தார். வெள்ளையர் நடுவில் கறுப்பராகவும் கறுப்பர் நடுவில் வெள்ளையராகவும் பார்க்கப்பட்ட அவ்விளமையில், 'நீ யார்?' என்னும் வினாவை அவர் தாமாகக் கேட்டுக்கொள்வதற்கு முன்னரே பிறர் அவரிடம் கேட்டனர். பின்னாளில் அவர் இயற்றிய 'ஐடென்டிட்டி' என்னும் பாடலுக்கு இவ்வினாவே விளைநிலம்.

அக்காலத்து இங்கிலாந்தில் நிறவெறி அரசியல் வெளிப்படையாகத் தலைதூக்கியிருந்தது. 1968இல் ஈனக் பவல் நிகழ்த்திய குடியேற்ற எதிர்ப்புரை ஏற்படுத்திய பிளவு ஆறவில்லை. 1976 ஆகத்தில் பர்மிங்காம் மேடையொன்றில் புகழ்பெற்ற கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் பவலை ஆதரித்துப் பேசினார். அதற்கு எதிர்வினையாக 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' இயக்கம் தோன்றியது. 1977இல் லண்டன் பெருநகர மன்றத் தேர்தலில் நேஷனல் ஃப்ரண்ட் கட்சி 1,00,000க்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றது. கலப்பின இளம்பெண் ஒருவர் மேடையேறி ஒலிபெருக்கியைக் கையிலெடுப்பது இத்தகைய சூழலில் எத்துணைத் துணிவை வேண்டியிருக்கும் என்பது தெளிவு.

பதினைந்து வயதில் வீட்டைவிட்டு வெளியேறி, இசை விழாக்கள்தோறும் சுற்றித் திரிந்த மரியான், 1976இல் மாரி எலியட் என்னும் பெயரில் ரெகே சாயலுடைய இசைத்தட்டு ஒன்றை வெளியிட்டார். அது எவர் கவனத்தையும் ஈர்க்கவில்லை. அதே ஆண்டு சூலை 3ஆம் நாள், தம் பத்தொன்பதாம் பிறந்தநாளன்று, ஹேஸ்டிங்ஸ் கடற்கரை மேடையில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் நிகழ்ச்சியைக் கண்டார். பெரும்பயிற்சியோ பெருஞ்செலவோ இன்றி இளைஞர் தாமே குழு அமைக்கலாம் என்னும் உறுதியை அந்நிகழ்ச்சி அவர்க்கு அளித்தது. இசை இதழ் விளம்பரத்தின் வழியே குழுவினரைத் திரட்டினார். ஜாக் ஏர்போர்ட் கிட்டாரும், பால் டீன் பாஸ் கிட்டாரும், பி.பி. ஹர்டிங் டிரம்ஸும் இசைத்தனர். பள்ளிப் பருவம் நீங்காத லோரா லாஜிக் சாக்ஸபோன் வாசித்தார்.

2. பெயர்சூட்டல் என்னும் முதற்படைப்பு

மரியான் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயரே அவருடைய முதல் எள்ளற் படைப்பு எனலாம். தொலைபேசி வணிகக் கையேட்டைப் புரட்டி, காலத்துக்கேற்ற நெகிழிப் பொருளொன்றின் பெயரைத் தேடி எடுத்ததாக அவரே கூறியுள்ளார். பாலிஸ்டைரீன் என்பது பயன்படுத்தியவுடன் எறியப்படும் குவளைகளும் பொதிப்பெட்டிகளும் செய்யப் பயன்படும் செயற்கைப் பொருள். இலேசானது, மலிவானது, மக்காதது. புகழ்பெற்ற பாடகரைச் சந்தை எவ்வாறு கையாளும் என்பதை முன்னறிந்து, அச்சந்தைப் பொருளாகவே தம்மை அறிவித்துக்கொண்டார்.

குழுவின் பெயரும் இத்தன்மையதே. எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் என்பது சிறுவர் படக்கதை இதழ்களின் பின்பக்கத்தில் விளம்பரம் செய்யப்பட்ட விளையாட்டுக் கண்ணாடி. அணிந்தால் ஆடைக்குள்ளும் தோலுக்குள்ளும் ஊடுருவிப் பார்க்கலாம் என்பது விளம்பரத்தின் வாக்குறுதி. அதுவோ வெறும் கண்மயக்கு. இப்பெயரில் இரு பொருள்கள் ஒருங்கே நிற்கின்றன. உலகின் மேற்பூச்சை ஊடுருவிக் காண்போம் என்பது ஒன்று. அவ்வாறு காண உதவும் கருவியும் கடையில் விற்கும் பொய்ப்பொருளே என்பது மற்றொன்று. விமரிசனம் செய்பவரும் சந்தைக்கு வெளியே இல்லை என்னும் தன்னுணர்வு தொடக்கத்திலேயே வெளிப்பட்டுவிடுகிறது.

3. முதல் இசைத்தட்டும் குரலின் அரசியலும்

1977இல் விர்ஜின் நிறுவனம் வெளியிட்ட 'ஓ பாண்டேஜ், அப் யுவர்ஸ்!' என்பதே குழுவின் முதல் இசைத்தட்டு. குழந்தைகள் கண்ணுக்குத் தெரியலாம், காதுக்குக் கேட்கலாகாது என்பது பழைய ஆங்கில வழக்கு. அதனைச் சிறுமியர்க்குப் பொருத்தி, அடக்கமான பள்ளிச் சிறுமியின் மென்குரலில் அவர் பேசித் தொடங்குகிறார். அடுத்த கணம், அதே தொண்டையிலிருந்து தளையை மறுக்கும் பேரொலி வெடிக்கிறது. இவ்விரு குரல்களுக்கும் இடைப்பட்ட ஒரு நொடியிலேயே பாடலின் கருத்து முழுமையும் நிகழ்ந்துவிடுகிறது. விளக்கவுரை தேவையில்லை, அறிவுரையும் இல்லை.

இப்பாடலைப் பாலியல் சார்ந்ததாகச் சிலர் தவறாகப் பொருள்கொண்டனர். பாலி ஸ்டைரீன் கருதியது எல்லா வகைத் தளைகளையும். பெண்ணைப் பிணிக்கும் தளை, நுகர்பொருள் மனிதனைப் பிணிக்கும் தளை, அடிமைத்தனத்தின் வரலாற்றுத் தளை ஆகிய மூன்றையும் ஒரே சொல்லில் அவர் அடக்கினார். சோமாலியத் தந்தைக்குப் பிறந்தவரின் வாயில் 'தளை' என்னும் சொல் அணிகலனாகவோ நாகரிகப் பாணியாகவோ மட்டும் ஒலிக்க இயலாது. அக்கால பங்க் இளைஞர்கள் சங்கிலிகளையும் தோல்வார்களையும் ஆடைப் பாணியாக அணிந்து திரிந்தனர் என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். தம் அவையோரின் உடையையே அப்பாடல் கேள்விக்குள்ளாக்கியது.

குரலின் தன்மை தனித்துக் குறிப்பிடத்தக்கது. அக்காலப் பெண் பாடகரிடம் இசைத்துறை எதிர்பார்த்தது இனிமை அல்லது கவர்ச்சி. பாலி ஸ்டைரீனின் குரலோ உச்சத்தில் நின்று, அடியிறுதியில் நடுங்கி மேலேறி, சொற்களைக் கீறிக்கொண்டு செல்வது. எனினும் அது வெறுங்கூச்சல் அன்று. சுருதி பிறழாது, சொல்லும் தெளிவாகக் கேட்கும். குரலும் சாக்ஸபோனும் ஒன்றையொன்று துரத்தியும் மறித்தும் செல்லும் அமைப்பு, கிட்டார் ஆதிக்கம் மிகுந்த பங்க் இசையில் புதுமை. அக்கருவியை இசைத்தவரும் இளம்பெண் என்பதால், பாடலின் முன்னணியில் நின்ற இரு ஒலிகளும் பெண்களுடையனவாயின. லோரா லாஜிக் விரைவில் குழுவை விட்டு நீங்க நேர்ந்தது. பின்னர் ரூடி தாம்சன் அக்கருவியை இசைத்தபோதும், லோரா தொடங்கிவைத்த பாணியே நிலைத்தது.

4. நெகிழியுலகின் பாடல்கள்

1978 இறுதியில் வெளியான 'ஜெர்ம்ஃப்ரீ அடோலசென்ட்ஸ்' (கிருமியற்ற இளையோர்) குழுவின் ஒரே காலத்தொகுப்பு. பன்னிரண்டு பாடல்கள் கொண்ட அது, இங்கிலாந்துத் தரவரிசையில் 30ஆம் இடம் வரை எட்டியது. அதே ஆண்டில் தனி இசைத்தட்டுகளாக வந்த 'தி டே த வேர்ல்ட் டர்ன்ட் டேக்லோ' 23ஆம் இடத்தையும், 'ஐடென்டிட்டி' 24ஆம் இடத்தையும், தொகுப்பின் தலைப்புப் பாடல் 19ஆம் இடத்தையும் பெற்றன. எனவே அக்காலத்து மக்கள் அவரைப் புறக்கணித்தனர் என்று கூற இயலாது. புறக்கணிப்பு பின்னர் நிகழ்ந்தது. அதைச் செய்தோர் வரலாறு எழுதியோர்.

தொகுப்பின் பாடுபொருள் ஒருமைப்பாடு உடையது. செயற்கைப் பொருள்களால் ஆன உலகில் மனிதமனம் என்னவாகிறது என்பதே அது. 'டேக்லோ' பாடலில் ஒரு பயணி செயற்கை இழைகளும் நெகிழிப் பொருள்களும் நிறைந்த நிலப்பரப்பில் செல்கிறார். இயற்கை வருணனையின் இலக்கணத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, மரம், புல், மலை நின்ற இடங்களில் வேதிப்பொருள்களை நிறுத்துவதே அப்பாடலின் உத்தி. முதற்பொருளும் கருப்பொருளும் மாறிவிட்டால் உரிப்பொருள் என்னவாகும் என்னும் வினாவாகத் தமிழ்த் திணை மரபில் பயின்றோர் அதனைக் கேட்கலாம். 'பிளாஸ்டிக் பேக்' பாடலில் விளம்பரங்கள் வந்து நிறையும் பையாக மனம் சித்திரிக்கப்படுகிறது. 'வாரியர் இன் வூல்வொர்த்ஸ்' பாடல், மலிவுப் பல்பொருள் அங்காடியின் பின்னணியில் வாழும் இளைஞனை வீரனாகப் பாடுகிறது. பரிவும் கேலியும் பிரிக்கவொண்ணாதபடி அதில் கலந்துள்ளன. இங்கிலாந்தின் வூல்வொர்த்ஸ் அங்காடிகள் 2009 சனவரியோடு முற்றும் மூடப்பட்டன. அவ்வீரனுக்குப் பாடலே நடுகல்லாக நிற்கிறது.

தலைப்புப் பாடல் தனிக்கவனம் பெறவேண்டியது. விரைவும் ஆரவாரமும் பங்க் இசையின் இலக்கணமாயிருந்த காலத்தில், அது மெல்ல மிதந்து செல்லும் காதற்பாடலாக அமைக்கப்பட்டது. தூய்மையைப் பற்றிய அளவிறந்த கவலையால் தொடுதலையே அஞ்சும் பெண் அதன் தலைவி. பற்பசையும் கிருமிநாசினியும் அவளுடைய காதலின் சடங்குப் பொருள்கள் ஆகின்றன. நுகர்பொருள் விளம்பரம் மனிதர்க்கிடையே உள்ள நெருக்கத்தையே நோயாகக் காட்டக்கூடும் என்பதை அப்பாடல் உணர்த்துகிறது. 'ஜெனடிக் எஞ்சினியரிங்' பாடலும் இத்தொகுப்பில் உள்ளது. சோதனைக்குழாய் முறையில் உலகின் முதற்குழந்தை இங்கிலாந்தில் பிறந்ததும் அதே 1978இல்தான். அறிவியல் வியப்பும் அச்சமும் செய்தித்தாள் தலைப்புகளாயிருந்த ஆண்டில், அவற்றின் எதிரொலியை நகைப்புடன் அவர் பதிவுசெய்தார்.

பாலி ஸ்டைரீன் இவ்வுலகை வெளியிலிருந்து கண்டித்தவர் அல்லர் என்பது முதன்மையான செய்தி. லண்டன் கிங்ஸ் சாலையின் போஃபர்ட் அங்காடியில் கடை வைத்துப் பழைய உடைகளையும் நெகிழி அணிகளையும் விற்றவர் அவர். கண்ணைப் பறிக்கும் செயற்கை வண்ணங்களை விரும்பி அணிந்தவர். தாம் எள்ளும் பொருளின்மீது தமக்குள்ள மயக்கத்தை அவர் மறைக்கவில்லை. கண்டனம் செய்பவர் தம்மைத் தூயவராக நிறுத்திக்கொள்வர். எள்ளுபவரோ தம்மையும் அவ்வட்டத்துள் சேர்த்துக்கொள்வர். அப்பாடல்கள் இன்றும் பழமையடையாமைக்கு இவ்வேறுபாடு ஒரு காரணம்.

5. எள்ளலின் இருவகையும் பாலி ஸ்டைரீனும்

தொல்காப்பியம் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்து, அதற்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைக் கூறும். உரையாசிரியர் பேராசிரியர் எள்ளலை மேலும் இரண்டாகப் பகுப்பார். தான் பிறரை எள்ளி நகுதல் ஒருவகை; பிறரால் தான் எள்ளப்பட்டவிடத்துத் தானே நகுதல் மற்றொரு வகை. இவ்விரண்டாம் வகை நுட்பமானது. எள்ளப்பட்டவர் அழுதால் அது அழுகை. சினந்தால் அது வெகுளி. அவரே நகுவாராயின் எள்ளியவர் கையிலிருந்த கருவி பறிக்கப்படுகிறது.

பாலி ஸ்டைரீனின் தனித்தன்மை இவ்விரண்டாம் வகையில் உள்ளது. 'ஐ ஆம் எ கிளிஷே', 'ஐ ஆம் எ போஸர்' என்னும் இரு பாடல்களின் தலைப்புகளே இதற்குச் சான்று. தேய்ந்த வழக்கு, பொய்வேடம் புனைபவர் என்பன பங்க் வட்டத்தில் ஒருவரை இழிவுபடுத்த வழங்கிய சொற்கள். அவற்றைப் பிறர்மீது எறியாமல், தன்மை ஒருமையில் தமக்கே அணிந்துகொண்டு அவர் பாடினார். போலித்தன்மை அற்ற உண்மைக் கலகக்காரர் யார் என்னும் போட்டியில் ஆண்கள் குழுக்கள் ஈடுபட்டிருந்தபோது, அப்போட்டியையே நகைப்புக்குரியதாக்கினார். 'ஆர்ட்-ஐ-ஃபிஷல்' பாடலில் செயற்கைத்தன்மையைத் தம் இயல்பாக அவர் ஏற்றுக்கொள்வதும் இவ்வகையினதே. கலப்பினத்தவர், ஆகவே எதிலும் 'உண்மையானவர்' அல்லர் எனச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த ஒருவர், தூய்மை, உண்மை என்னும் அளவுகோல்களையே ஐயுறுவது இயல்பு. அவ்வகையில் அவருடைய நகை அவருடைய பிறப்பின் அறிவு.

சினத்தை மட்டுமே அளவுகோலாகக் கொண்ட பங்க் வரலாறுகள் இக்கலையைக் குறைத்து மதித்தமைக்கு இதுவே காரணமாகலாம். வெகுளி எளிதில் அரசியலாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது. நகையோ விளையாட்டாகக் கருதப்பட்டு ஒதுக்கப்படுகிறது. பெண்ணின் நகையாயின் அது குழந்தைத்தனம் எனவும் கொள்ளப்படுகிறது.

6. உடலும் மேடையும்

பற்களைச் சீர்செய்யும் கம்பியோடு பாலி ஸ்டைரீன் மேடையேறினார். தொலைக்காட்சியிலும் அவ்வாறே தோன்றினார். பெருத்த அளவினதான மேற்சட்டைகள், படைவீரர் தொப்பி, ஒன்றோடொன்று பொருந்தா வண்ணங்கள் ஆகியவை அவர் உடையாயின. கவர்ச்சிப் பெண்ணாகத் தம்மை மாற்ற முயன்றால் தலையை மழித்துக்கொள்வதாக அவர் கூறியிருந்தார். 1978இல் அவ்வாறே செய்தார்.

அவ்வாண்டு ஏப்ரல் 30ஆம் நாள், லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து கிழக்கு லண்டன் விக்டோரியா பூங்காவுக்குப் பேரணி ஒன்று சென்றது. ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம், நாஜி எதிர்ப்புக் கூட்டமைப்பு ஆகியன இணைந்து நடத்திய அந்நிகழ்ச்சியில் 80,000 முதல் 1,00,000 வரையிலான மக்கள் திரண்டதாக மதிப்பிடப்படுகிறது. தி கிளாஷ், ஸ்டீல் பல்ஸ், டாம் ராபின்சன் குழு ஆகியவற்றோடு எக்ஸ்-ரே ஸ்பெக்ஸும் பாடியது. தலையில் துணி கட்டி மேடையேறிய பாலி ஸ்டைரீன், அதை அவிழ்த்து மழித்த தலையைக் காட்டிப் பாடினார். அடுத்த நான்காம் நாள், மே 4 அன்று, அதே கிழக்கு லண்டனில் ஆல்தாப் அலி என்னும் வங்காளதேசத் தையல் தொழிலாளர் தெருவில் குத்திக் கொல்லப்பட்டார். அம்மேடையில் பாடப்பட்டவை எத்தகைய ஆபத்தின் நடுவே பாடப்பட்டன என்பதை இவ்வடுத்தடுத்த நாள்கள் காட்டுகின்றன. ஒரு பாடல் கொலையைத் தடுக்காது. எனினும் யார் இந்நாட்டினர் என்னும் வழக்கில் அப்பாடல் சாட்சியாக நின்றது.

தொல்காப்பியம் பெருமிதத்துக்குக் கூறும் நிலைக்களன்கள் நான்கனுள் தறுகண் ஒன்று. அஞ்சத்தக்கவற்றின் முன் அஞ்சாமை என்பது அதன் பொருள். போர்க்களம் சார்ந்தே அச்சொல்லை வழங்கிப் பழகிய நாம், இருபது வயதுப் பெண் ஒருவர் தம் தலைத்துணியை அவிழ்த்த செயலுக்கும் அதனை வழங்கத் தயங்க வேண்டியதில்லை.

7. நோயும் விலகலும்

1978இல் டான்காஸ்டர் நகரில் நிகழ்ச்சியொன்றை முடித்துத் தங்கியிருந்த இரவில், வானில் இளஞ்சிவப்பு ஒளிப்பொருள் ஒன்றைக் கண்டதாக அவர் கூறினார். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, மனச்சிதைவு நோயுற்றவர் எனத் தவறாகக் கணிக்கப்பட்டார். அவருடைய நோய் இருமுனை மனநிலைக் கோளாறு என்பது 1991இல்தான் கண்டறியப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளின் துன்பம் அவரோடும் அவர் குடும்பத்தாரோடும் இருந்தது. 1979இல் அவர் நீங்கியதும் குழு கலைந்தது.

இவ்வரலாற்றை இருவகையில் தவறாகச் சொல்லும் வழக்கம் உண்டு. நோயே அவருடைய கலைக்கு ஊற்று என்பது ஒன்று. நோய் அவருடைய கலையை அழித்தது என்பது மற்றொன்று. இரண்டும் ஏற்கத்தக்கன அல்ல. பாடல்களில் காணப்படுவது கலங்கிய மனம் அன்று. கூர்ந்து நோக்கித் தெரிந்தெடுத்து அடுக்கும் தெளிந்த அறிவு. நோய்க்குப் பின்னரும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை என்பது அடுத்து வந்த ஆக்கங்களால் விளங்கும்.

8. பிற்காலப் படைப்புகள்

1980இல் வெளியான 'டிரான்ஸ்லூசென்ஸ்' அவருடைய முதல் தனித்தொகுப்பு. ஜாஸ் சாயல் படிந்த, அமைதியான இசை அது. பங்க் ஆரவாரத்தை எதிர்பார்த்தவர்கள் ஏமாற்றமுற்றனர். தொகுப்பு விரைவில் மறக்கப்பட்டது. கூச்சலிட்ட பெண் மென்குரலில் பாடினால் அவள் அடங்கிவிட்டாள் என்று கருதுவது, அவர் முதற்பாடலில் எள்ளிய அதே மனப்பான்மையின் மறுபக்கம். உரத்துப் பாடும் உரிமை மெல்லப் பாடும் உரிமையையும் உள்ளடக்கியதே.

1983இல் அவர் ஹரே கிருஷ்ண இயக்கத்தில் சேர்ந்தார். ஜார்ஜ் ஹாரிசன் அவ்வியக்கத்துக்கு 1973இல் வழங்கிய பக்திவேதாந்த மேனர் இல்லத்தில் சிலகாலம் வாழ்ந்தார். 1986இல் 'காட்ஸ் அண்ட் காடசஸ்' என்னும் சிறுதொகுப்பு வந்தது. 1995இல் எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் பெயரில் 'கான்ஷியஸ் கன்ஸ்யூமர்' வெளியாயிற்று. விழிப்புள்ள நுகர்வோர் எனப் பொருள்படும் இத்தலைப்பே அதன் குறையையும் சுட்டுகிறது. முன்னைய பாடல்களில் நுகர்வுலகுக்குள் நின்று நகைத்தவர், இங்கு அதற்கு வெளியே நின்று அறிவுறுத்துகிறார். எள்ளல் குன்றி அறவுரை மிகுந்த இடங்களில் பாடல் தளர்கிறது. அவரைப் போற்றுவோர் இதனை மறைக்க வேண்டியதில்லை. எள்ளலே அவருடைய வலிமை என்னும் கருத்துக்கு இதுவும் ஒரு சான்று.

2008இல் லண்டன் ரவுண்ட்ஹவுஸ் அரங்கில் எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் மீண்டும் பாடியது. 2011 மார்ச்சில் 'ஜெனரேஷன் இண்டிகோ' வெளிவந்தது. இணையம், போர், நிறவெறி எனப் புதிய காலத்தின் பொருள்களை அதில் பழைய நகைப்போடு அவர் பாடினார். மார்பகப் புற்றுநோய் முற்றிய நிலையில், அத்தொகுப்பு வெளியாகி ஒரு மாதத்துக்குள், ஏப்ரல் 25ஆம் நாள் தம் 53ஆம் வயதில் காலமானார். முதுமை எய்தாத ஒருவரின் இறுதித் தொகுப்பில் முதற்றொகுப்பின் குரல் மீண்டும் கேட்டது.

9. மறதிக்கான காரணங்கள்

இத்தகைய கலைஞர் உரிய மதிப்பைப் பெறாமைக்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம். முதலாவது, படைப்பளவு. இசை வரலாறு தொகுப்புகளை எண்ணி மதிப்பிடும் இயல்புடையது. நான்கைந்து பாடல்களே எஞ்சினும் சங்கப் புலவர் ஒருவரைப் பெரும்புலவராக ஏற்கும் தமிழ் மரபினர்க்கு இவ்வளவுகோலின் குறை எளிதில் விளங்கும். இரண்டாவது, பரவல். 'ஜெர்ம்ஃப்ரீ அடோலசென்ட்ஸ்' அக்காலத்தில் அமெரிக்காவில் வெளியிடப்படவில்லை. உலகளாவிய ராக் இசைப் பட்டியல்களோ பெரிதும் அமெரிக்கச் சந்தையைச் சார்ந்தே உருவாயின. மூன்றாவது, வகைப்பாடு. பெண் என்றோ கலப்பினத்தவர் என்றோ நோயுற்றவர் என்றோ அவரை ஒரு தலைப்பின்கீழ் அடக்கிவிட்டால், பாடலாசிரியர் என்னும் அடையாளம் மறைந்துபோகிறது.

இந்நிலை அண்மையில் மாறி வருகிறது. 1990களில் அமெரிக்காவில் எழுந்த 'ரையட் கேர்ல்' பெண்ணிசை இயக்கத்தினர் அவரைத் தம் முன்னோடியாகக் கொண்டனர். பாடகர் நெனே செரி, தாம் பாட வந்தமைக்குப் பாலி ஸ்டைரீனைக் காரணமாகச் சுட்டியுள்ளார். மகள் செலஸ்ட் பெல், சோயி ஹாவுடன் இணைந்து 2019இல் 'டேக்லோ' என்னும் நூலை வெளியிட்டார். பால் சிங் என்பாருடன் இணைந்து 2021இல் ஆவணப்படம் ஒன்றையும் இயக்கினார். தாயின் புகழை மட்டும் கூறாது, நோயுற்ற தாயிடம் வளர்ந்த பிள்ளையின் வருத்தத்தையும் அப்படம் மறைக்காமல் காட்டுகிறது. போற்றுதலும் உண்மை கூறலும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

புலம்பெயர் தமிழ்ச் சூழலோடு ஒப்புநோக்கவும் இடமுண்டு. லண்டனில் ஈழத்தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்த எம்.ஐ.ஏ. 2005இல் 'அருளர்' தொகுப்பை வெளியிட்டபோது, கண்ணைப் பறிக்கும் வண்ணங்களும் எள்ளலும் அரசியலும் ஒருங்கே கலந்த பாணி மீண்டும் கேட்கப்பட்டது. இரு கலைஞர்க்கும் இடையே நேரடித் தாக்கம் உண்டு என நிறுவுதல் இங்கு நோக்கமன்று. 'நீ எவ்விடத்தவர்?' என்னும் வினாவை இளமை முதல் எதிர்கொண்டோர், விடை கூறாமல் வினாவையே பாடலாக்கியமை இருவர்க்கும் பொது.

முடிவுரை

பெருமிதத்துக்குரிய நிலைக்களன்களாகக் கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகிய நான்கும் கூறப்படுகின்றன. பாலி ஸ்டைரீனிடம் முறையான இசைப் பட்டங்கள் இல்லை. ஆயினும் தம் காலத்தின் கடைவீதியையும் விளம்பரப் பலகையையும் ஆழக் கற்ற கல்வி இருந்தது. தறுகண்மை விக்டோரியா பூங்காவில் வெளிப்பட்டது. கொடை, அவர்க்குப் பின் ஒலிபெருக்கியைக் கையிலெடுத்த பெண்களிடம் காணக்கிடக்கிறது. குறைந்துபோனது புகழ் ஒன்றே. முன்னைய மூன்றும் கலைஞர் தாமே ஈட்டுவன. புகழோ பிறர் தரவேண்டுவது. ஆதலின் அக்குறை அவருடையதன்று, கேட்டோருடையது, எழுதியோருடையது.

அவரைத் துன்பியல் நாயகியாகவோ வெறும் முன்னோடியாகவோ நினைவுகூர்தல் போதாது. செயற்கைப் பொருள்கள் மனித உள்ளத்தை நிறைப்பதை நகைத்துக்கொண்டே எச்சரித்த பாடலாசிரியராக அவரை மதிப்பிடுதல் வேண்டும். நெகிழிக் கழிவு கடலடிவரை சென்றுவிட்ட இன்று, நெகிழியின் பெயரையே தம் பெயராகச் சூட்டிக்கொண்ட அவ்விளம்பெண்ணின் நகைப்பு முன்னினும் தெளிவாகக் கேட்கிறது.